பாத்திரம் கறுத்துப் போச்சா? தூக்கிப் போடும் முன் இதைப் படிங்க!

அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றால் என்ன ஆகும்? அடிப்பிடிக்கும். அப்புறம் கறுத்த சட்டியோடு அரை மணி நேரம் போராட்டம்.

புதுசா வாங்கிய எவர்சில்வர் சட்டியில் வானவில் மாதிரி நிறம். அலுமினியக் குண்டானின் உட்புறம் சாம்பல் கறுப்பு. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பானையில் பச்சைப் புள்ளி. இரும்புத் தோசைக்கல்லில் துரு.

இதில் எது வெறும் அழகுப் பிரச்சினை? எது உடம்புக்கே கேடு? எதைத் துலக்கினால் புதுசு போல ஆகும்? எதை உடனே ஒதுக்கி வைக்கணும்?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அலமாரியைக் காலிசெய்து சுத்தம் செய்யும்போது இந்தக் கேள்விகள் கட்டாயம் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், அது என்ன உலோகம்?

பாத்திரம் துலக்குவதில் பெரும்பாலான சேதம் இங்கேதான் தொடங்குகிறது. ஓர் உலோகத்தைப் பளபளக்க வைக்கும் பொருள், இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கச் சில வழிகள்:

- குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடித்து இழுத்தால் இரும்பு. அலுமினியம், பித்தளை, செம்பு மூன்றிலும் ஒட்டவே ஒட்டாது.
- எவர்சில்வரில் குழப்பம் வரும். நிக்கல் அதிகமுள்ள வகையில் காந்தம் ஒட்டாது, அல்லது லேசாகத்தான் ஒட்டும். நிக்கல் இல்லாத வகையிலும் இண்டக்ஷன் அடுப்புக்காகச் செய்யப்பட்ட அடிப்பகுதியிலும் நன்றாக ஒட்டும்.
- பார்க்கப் பெரிசு, தூக்கினால் லேசு என்றால் அது பெரும்பாலும் அலுமினியம்.
- மஞ்சள் நிறம் பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்த கலவை அது. ரோஜாச் சிவப்பு என்றால் செம்பு.

கறையில் ரெண்டு ஜாதி

உலோகம் தெரிந்துவிட்டது. அடுத்து, கறை எப்படிப்பட்டது?

முதல் வகை, சமையலிலிருந்து வந்த கறை. கருகிய பருப்பு, பிடித்த பால், காய்ந்துபோன எண்ணெய்ப் பிசுக்கு. இவற்றை இளக்குவது காரப் பொருள். அதாவது பேக்கிங் சோடா என்கிற ஆப்பச்சோடா.

இரண்டாம் வகை, உலோகத்தின் மேலேயே உருவான படலம். ஆக்சைடு, துரு, தண்ணீரின் தாது உப்பு விட்டுப்போன வெள்ளைத் திட்டு. இவற்றைக் கரைப்பது அமிலம். எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

பாட்டி பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்ததும் இதே வேதியியல்தான். அவர் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை, அவ்வளவுதான்!

அப்போ, இரண்டையும் சேர்த்துக் கலந்தால் இரட்டிப்புப் பலனா? இல்லவே இல்லை. பேக்கிங் சோடாவும் வினிகரும் கலந்தால் நுரை பொங்கும், காணொளியில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்துவிடும். மிச்சம் இருப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். ஒன்றைப் பயன்படுத்திக் கழுவிய பிறகு மற்றொன்றைப் பயன்படுத்துங்கள்.

எவர்சில்வர்: வானவில் வந்தால் பயப்படாதீங்க

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருக்கக் காரணம் அதிலுள்ள குரோமியம். அது காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்குகிறது. கீறினாலும் அந்தப் படலம் தானாகவே மீண்டும் உருவாகும். பாத்திரத்தின் அடியில் 18/8 அல்லது 18/10 என்று பொறித்திருந்தால், 18 விழுக்காடு குரோமியம், 8 அல்லது 10 விழுக்காடு நிக்கல் என்று பொருள்.

பாத்திரம் அதிகம் சூடாகும்போது அந்தப் படலம் சற்றுத் தடிக்கிறது. அதன்மேல் ஒளி படும்போது நீலமும் பொன்னிறமும் ஊதாவும் தெரிகின்றன. தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் நிறம் தெரிகிறதே, அதே விந்தைதான் இங்கேயும். உடம்புக்குக் கெடுதல் இல்லை.

*வானவில் நிறம், வெள்ளைத் திட்டு போக:* மென்மையான பஞ்சில் கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு எடுத்துத் துடைக்கவும். ஒரு நிமிடம் விட்டுக் கழுவி, உடனே துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கவும்.

*அடிப்பிடித்த கறை போக:*

1. கருகிய இடம் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றவும்.
2. இரண்டு தேக்கரண்டி பேக்கிங் சோடா போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்கவிடவும்.
3. அடுப்பை அணைத்து, தானாக ஆறவிடவும்.
4. மரக் கரண்டியால் சுரண்டவும். பெரும்பாலும் ஏடு ஏடாகக் கிளம்பி வரும். மிச்சம் இருந்தால் இன்னொரு முறை செய்யவும்.

*வெளிப்புறத்தில் பழுப்பு எண்ணெய்க் கறை:* பேக்கிங் சோடாவைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கவும்.

செய்யக்கூடாதவை மூன்று:

- இரும்புக் கம்பி நாரால் தேய்க்காதீங்க. கீறல் விழும். நாரின் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். அப்புறம் "எவர்சில்வர்லயே துருவா?"ன்னு கடைக்காரரைத் திட்டுவோம்!
- குளிர்ந்த தண்ணீரில் உப்பைப் போட்டு அப்படியே விடாதீங்க. அடியில் தங்கும் உப்பு, ஊசி முனை போன்ற குழிகளை உண்டாக்கும். அந்தக் குழியை எதனாலும் சரிசெய்ய முடியாது. தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட்டுக் கலக்கினால் சிக்கல் இல்லை.
- பிளீச் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குளோரினும் அதே குழிகளை உண்டாக்கும்.

அலுமினியம்: சோடா தொடாதே!

எவர்சில்வருக்கு உயிர் கொடுத்த அதே பேக்கிங் சோடா, அலுமினியத்துக்கு எதிரி.

அலுமினியத்துக்கும் மேலே ஓர் ஆக்சைடு காப்பு உண்டு. காரப் பொருள் அந்தக் காப்பை அரித்துவிடும். பிறகு மேற்பரப்பு சாம்பலாகவும் கறுப்பாகவும் மாறும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்ட அலுமினியச் சட்டி கறுத்து வருவதற்குக் காரணம் இதுதான். இயந்திரத்துக்கான சோப்பில் காரம் அதிகம். தண்ணீரை அடிக்கடி கொதிக்கவைத்தாலோ முட்டை அவித்தாலோகூடக் கறுக்கும். தண்ணீரிலுள்ள தாதுப்பொருள்களின் வேலை அது.

அந்தக் கறுப்பு ஆபத்தானதில்லை. பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும். போக்கணும் என்றால்:

1. கறுப்புக் கோட்டுக்கு மேலே வரும்வரை தண்ணீர் நிரப்பவும்.
2. லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றவும். பிழிந்த எலுமிச்சைத் தோலோ ஒரு சிறு உருண்டைப் புளியோ போட்டாலும் சரி.
3. 10 முதல் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் மென்மையான பஞ்சால் தேய்த்துக் கழுவவும்.

இப்போ ஒரு கேள்வி. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைத்த மறுநாள், உட்புறம் பளபளவென்று ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்பு எங்கே போச்சு?

குழம்புக்குள்ளே!

பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் வாரத்துக்கு 2 மில்லிகிராம் அலுமினியம் வரை ஏற்றுக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐநா உணவு, வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் நிபுணர் குழு 2011இல் வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது வாரம் 120 மில்லிகிராம். இந்தக் கணக்கில் பாத்திரத்திலிருந்து வருவது மட்டுமல்ல, உணவிலிருந்து வருவதும் சேரும்.

அலுமினியப் பாத்திரத்தால் ஞாபகமறதி நோய் வரும் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படி ஒரு தொடர்பு நிரூபிக்கப்படவில்லை.

எளிமையான விதி: சோறு வடிக்க, தண்ணீர் காய்ச்ச, இட்லி அவிக்க அலுமினியம் போதும். புளி, தக்காளி, தயிர், எலுமிச்சை சேரும் சமையலை எவர்சில்வருக்கு மாற்றுங்கள். மிச்சக் குழம்பை அலுமினியத்திலேயே ராத்திரி முழுக்க விடாதீர்கள்.

இரும்புத் தோசைக்கல்: துரு பிடிச்சாலும் உயிர் இருக்கு

சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். இரும்புக்கு இதைவிடக் கஷ்டமான ஊர் கிடைக்காது. கழுவிக் கவிழ்த்து வைத்த கல், விடிவதற்குள் செம்மஞ்சள் ஆகிவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், சமையலறையில் முழுசா மீட்கக்கூடிய பாத்திரம் இரும்புதான். விரிசல் விழாத வரை, தாத்தா காலத்துக் கல்லையும் பேரன் காலத்துக்குக் கொண்டுபோகலாம்.

இரும்புக் கல்லைப் "பழக்கணும்" என்று வீட்டில் சொல்வார்கள். அதன் பொருள் என்ன? எண்ணெயை மிக மெல்லிசாகப் பூசிச் சூடேற்றும்போது, அது காற்றோடு சேர்ந்து இறுகி, பிளாஸ்டிக் போன்ற கெட்டியான படலமாக மாறுகிறது. தோசை ஒட்டாமல் வருவதும், துரு அண்டாமல் இருப்பதும் அந்தப் படலத்தால்தான். பழகிய கல் கறுப்பாக மின்னும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, "எவ்ளோ சுத்தம் பாரு" என்று காட்டினால் பாட்டிக்குக் கோபம் வரத்தான் செய்யும்!

*துருப்பிடித்த கல்லை மீட்க:*

1. இரும்பு நாரால் துரு முழுவதும் போகும்வரை தேய்க்கவும். இங்கே மட்டும் இரும்பு நாருக்கு அனுமதி உண்டு. துரு கெட்டியாக இருந்தால், சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் ஊறவிடவும். ராத்திரி முழுக்க விட்டால் அமிலம் இரும்பையே தின்னும்.
2. பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவவும்.
3. உடனே துடைத்து, அடுப்பில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து ஈரம் போக்கவும்.
4. சில சொட்டு எண்ணெயைத் துணியால் எல்லாப் பக்கமும் தடவவும். பிறகு சுத்தமான துணியால், பூசிய எண்ணெயைத் துடைத்தெடுக்க நினைப்பதுபோல் துடைக்கவும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் மிஞ்சணும்.
5. லேசாகப் புகை கிளம்பும்வரை சூடேற்றி, ஆறவிடவும். இதை மூன்று நான்கு முறை செய்யவும். வெதுப்பியில் என்றால், ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைக்கவும்.

வீவக வீட்டில் செய்கிறீர்கள் என்றால் சன்னலைத் திறந்து வையுங்கள். கூரையில் புகை உணர்கருவி இருப்பதையும் மறக்காதீங்க.

கல் பிசுபிசுவென்று ஒட்டினால், எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று பொருள். இன்னொரு முறை சூடேற்றித் துடைத்தால் சரியாகும். சூரியகாந்தி, சோயா, கனோலா எண்ணெய்கள் நன்றாக இறுகும். நல்லெண்ணெயும் ஓரளவு வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் அவ்வளவாக இறுகாது.

"இரும்புக் கல்லில் சோப்புப் படவே கூடாது" என்பார்கள். இப்போதைய மென்மையான திரவத்தால் விரைவாகக் கழுவினால் அந்தப் படலம் போகாது. தண்ணீரில் ஊறப்போடுவதுதான் தப்பு. புளிப்பான சமையலும் படலத்தை அரிக்கும், உணவில் இரும்பு வாடை வரும்.

பித்தளை, செம்பு: மூணு நிறம், மூணு சேதி

பொங்கல் நேரத்தில் சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக் கடைகளில் பளபளக்கும் பித்தளைப் பானைகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்த சில வாரத்தில் அதே பானை மங்கிவிடும். அதன் நிறத்தைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடலாம்.

*பழுப்பு, கறுப்பு:* காற்றுபட்டு உருவான படலம். கவலை வேண்டாம்.

*இளஞ்சிவப்புத் திட்டு:* அமிலத்தில் அதிக நேரம் ஊறியதால் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே தெரிகிறது. புளியைத் தடவிவிட்டுத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கப் போனால் இப்படித்தான் ஆகும்.

*பச்சை:* இதுதான் களிம்பு. செம்பு உப்புகளால் ஆனது. உடம்புக்குள் போனால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும். களிம்பு ஏறிய பாத்திரத்தில், அதை முழுசாகத் தேய்த்து எடுக்காமல் சமைக்கவே கூடாது.

*துலக்கும் முறை:* ஊறவைத்த புளியில் கல் உப்பு கலந்து தேய்க்கவும். ஓரிரு நிமிடத்தில் நிறம் திரும்பும். நன்றாக அலசி, சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்த துணியால் உடனே துடைக்கவும். ஈரத்தோடு விட்டால் முன்பைவிட வேகமாக மங்கும்.

வெளிப்புறத்துக்கு இது போதும். உட்புறம் வேறு கதை.

"ஈயம்" என்ற சொல்லில் ஒரு பொறி

சமையலுக்கான பித்தளை, செம்புப் பாத்திரங்களின் உட்புறம் வெள்ளி போல் தெரியும். அது ஈயப்பூச்சு. புளிப்பு நேராகச் செம்பில் படாமல் தடுக்கும் கவசம் அது.

இப்போது மொழிபெயர்ப்புச் செயலியில் "ஈயம்" என்று தட்டிப் பாருங்கள். நச்சு உலோகத்தின் பெயர்தான் வரும். "ஐயோ, பாட்டி ஈயச்சொம்பில் ரசம் வைத்தாரே!" என்று தூக்கிவாரிப்போடும்.

தமிழில் ஈயம் இரண்டு. வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. பாத்திரத்துக்குப் பூசவேண்டியதும், ரசத்துக்குப் புகழ்பெற்ற ஈயச்சொம்பைச் செய்யவேண்டியதும் வெள்ளீயத்தில். தகர டப்பாக்களின் உட்புறம் பூசப்படுவதும் அதுதான். நச்சு என்பது காரீயம். பள்ளி அறிவியல் புத்தகத்தில் வெறுமனே "ஈயம்" என்றால் பெரும்பாலும் காரீயத்தைக் குறிக்கும். பேச்சுவழக்கில் "ஈயம் பூசறது" என்றால் வெள்ளீயம்.

பெயர்க் குழப்பத்தைவிடப் பெரிய சிக்கல், கலப்படம். காரீயம் வெள்ளீயத்தைவிட விலை மலிவு. பார்க்கவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அதனால் தெரிந்த, நம்பகமான கடையில் மட்டுமே வாங்குவது நல்லது.

ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயத்தின் எடை ஏறக்குறைய 7.3 கிராம். காரீயம் 11.3 கிராம். சொம்பின் எடையை, அது தண்ணீரில் மூழ்கும்போது வெளியேற்றும் நீரின் அளவால் வகுத்துப் பாருங்கள். விடை 7.3ஐவிட நன்றாகக் கூடினால் சந்தேகப்பட வேண்டும். குறைந்த அளவு கலப்படத்தை இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்காது என்பதால், விடை சரியாக வந்தாலும் அதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எரிவாயு அடுப்புக்கு அந்தச் சூடு சர்வ சாதாரணம். உள்ளே ரசம் இருக்கும்வரை, தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டி உலோகம் அதிகம் சூடாகாது, சொம்பு பிழைக்கும். அதனால்தான் முதலில் ரசத்தை ஊற்றி, பிறகு சிறு தீயில் வைப்பார்கள். ரசம் வற்றினால் சொம்பும் போச்சு!

*ஈயப்பூச்சைப் பராமரிக்க:*

- கரகரப்பான நார் வேண்டாம். பூச்சு சாம்பல் நிறமாக மங்குவது இயல்பு. அதைப் பளபளக்க வைக்க முயன்றால் பூச்சே தேய்ந்துபோகும்.
- வெறும் பாத்திரத்தைச் சூடேற்றாதீர்கள். அதில் எண்ணெயைக் காயவைத்துப் பொரிப்பதும் வேண்டாம்.
- உள்ளே மஞ்சளோ சிவப்போ எட்டிப்பார்த்தால், மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது. அதுவரை புளிப்பான எதையும் அதில் சமைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் ஈயம் பூசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாத்திரத்தைத் தணலில் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, உருகும் வெள்ளீயத்தைப் பஞ்சால் ஒரே இழுப்பில் பரப்புவார்கள். நவச்சாரம் மேற்பரப்பின் ஆக்சைடை நீக்குவதால்தான் பூச்சு ஒட்டுகிறது. ஊருக்குப் போகும்போது பாத்திரத்தை எடுத்துப்போனால், "சுத்த வெள்ளீயமா?" என்று கேட்ட பிறகே கொடுங்கள்.

நான்ஸ்டிக்: புதுப்பிக்க முடியாத ஒன்று

நான்ஸ்டிக் பூச்சின் வேதிப்பொருளை ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1938இல் தற்செயலாகக் கண்டுபிடித்தார். நாம் பொதுவாக அதை டெஃப்லான் என்கிறோம்.

சட்டி பழுப்பாகி, முட்டை ஒட்ட ஆரம்பித்தால் உடனே பூச்சு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பல நேரம் அது காய்ந்த எண்ணெய்ப் படலம்தான். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் சோடா கலந்து, சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்து, மென்மையான பஞ்சால் துடைத்துப் பாருங்கள்.

உரிந்துவிட்டதா? அடி தெரியும் அளவு கீறல் இருக்கிறதா? அப்போது விடைகொடுக்க வேண்டியதுதான். பூச்சை வீட்டில் திரும்ப உருவாக்க முடியாது.

பெரிய ஆபத்து கீறலைவிடச் சூடுதான். ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் சில நிமிடம் விட்டாலே அந்தச் சூடு வந்துவிடும். மிக அதிகச் சூட்டில் வெளிவரும் புகை, மனிதருக்குக் காய்ச்சல் போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரலாம். கூண்டுப் பறவைகள் அந்தப் புகையில் இறந்தே போகும். வீட்டில் கிளி, புறா வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

"டெஃப்லான் புற்றுநோய் வரவழைக்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது முன்பு பயன்படுத்தப்பட்ட பிஎஃப்ஓஏ என்ற ரசாயனத்திலிருந்து. அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023இல் வகைப்படுத்தியது. அந்த ரசாயனமும் பூச்சும் ஒன்றல்ல. இருந்தாலும், எப்போது வாங்கியது என்றே தெரியாத பழைய சட்டியைப் பாசத்தோடு வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மண்சட்டியும் எனாமலும்

மண்சட்டிக்குச் சோப்பு ஆகாது. துளைகள் அதை உறிஞ்சி, அடுத்த மீன்குழம்பில் திருப்பிக் கொடுக்கும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். பூஞ்சை வாடை வந்தால் அரிசி கழுவிய தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

அலங்கார மெருகு பூசிய மண்பாண்டம் என்றால் கவனம். சமையலுக்கானது என்று குறிப்பிடாத வரை, மேசையில் பூ வைக்கவே அது உதவும்.

எனாமல் பாத்திரம் மங்கினால் பேக்கிங் சோடாக் குழைவு போதும். உட்புறம் சில்லு பெயர்ந்திருந்தால் சமைக்க வேண்டாம். கண்ணாடி போன்ற துகள் உணவில் விழும்.

கண்ணுக்குத் தெரியாத கறை

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒன்று, பளபளக்கும் புதுப் பாத்திரத்திலும் இருக்கலாம். அது காரீயம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், புதிதாகக் குடியேறிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் காரீயம் அதிகம் இருந்தது. காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள், அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியப் பாத்திரங்களைச் சோதித்தார்கள். பலவற்றிலிருந்து காரீயம் கசிந்தது. அந்த ஆய்வு 2022இல் வெளியானது.

2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளைப் பாத்திரங்களும், ஹிண்டாலியம் என்ற அலுமினியக் கலவைப் பாத்திரங்களும் உணவில் காரீயத்தைக் கலக்கக்கூடும் என்றது. ஹிண்டாலியம் கடாய் நம் வீடுகளுக்குப் புதிதல்ல.

இது ஏன் பெரிய விஷயம்? காரீயத்தில் "இவ்வளவு வரை பரவாயில்லை" என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. சுவையும் இல்லை, வாசமும் இல்லை. எவ்வளவு துலக்கினாலும் போகாது, ஏனென்றால் அது உலோகத்துக்குள்ளேயே கலந்திருக்கிறது.

எல்லாப் பித்தளையும் ஹிண்டாலியமும் கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. எது நல்லது என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். பழைய பாத்திரங்கள் சிலவற்றில் கூடுதல் கவனம் தேவை. வார்ப்பு எளிதாக வரவேண்டும் என்பதற்காகப் பித்தளையில் காரீயம் சேர்ப்பதுண்டு. பற்றவைத்த மூட்டுகளிலும் அது இருக்கலாம்.

நிறம் மாறும் வீட்டுச் சோதனைக் குச்சிகளை முழுசாக நம்ப வேண்டாம். உறுதியாகத் தெரிய ஆய்வகச் சோதனை தேவை.

சிங்கப்பூரின் உணவு விதிமுறைகளின்படி, உணவில் நச்சுப்பொருளைக் கலக்கக்கூடிய சமையல் பாத்திரங்களை விற்கக்கூடாது. ஆனால் ஊரிலிருந்து பெட்டியில் வந்தது, இணையத்தில் யாரோ முகம் தெரியாதவரிடம் வாங்கியது, பரம்பரையாகக் கைமாறியது ஆகியவற்றை நாம்தான் யோசித்துப் பயன்படுத்த வேண்டும்.

தயவுசெய்து இதைச் செய்யாதீங்க

- பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை எதையும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சன்னல் சின்னதாக இருக்கும் சமையலறையில் மூச்சுத் திணறிவிடும்.
- கழிவறை சுத்தம் செய்யும் அமிலத்தைப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். கறை போகும், பாத்திரமும் போகும்.
- சூடான சட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள். அடி வளைந்து, இண்டக்ஷன் அடுப்பில் ஆட்டம் போடும். வார்ப்பிரும்பு விரிசலே விட்டுவிடும்.

எப்போ "போய் வா" சொல்லணும்?

- நான்ஸ்டிக் பூச்சு உரிந்தால்
- எனாமலின் உட்புறம் பெயர்ந்தால்
- அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ ஆழமான குழிகள் விழுந்தால்
- இரும்பில் விரிசல் கண்டால்
- எங்கே, எதில் செய்தது என்றே தெரியாத உலோகப் பாத்திரம் என்றால்

உலோகத்துக்கு மறுசுழற்சியில் எப்போதும் மதிப்பு உண்டு. பழைய பொருள் வாங்க வரும் காராங் குனிக்காரரிடம் கொடுக்கலாம். சிங்கப்பூரின் ஒரே குப்பை நிரப்பு நிலமான செமாக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்படுகிறது. மீட்க முடிந்த சட்டியை மீட்பதும், முடியாததைச் சரியான இடத்துக்கு அனுப்புவதும் அங்கே போகும் சுமையைக் கொஞ்சம் குறைக்கும்.

பாட்டியின் பித்தளைப் பானையில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டாம். துலக்கி, வரவேற்பறையில் வையுங்கள். பொங்கலன்று அதற்குப் பொட்டு வைத்து மஞ்சள் கொத்துக் கட்டலாம். சோறு பொங்குவதற்கு மட்டும் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் பானை இருக்கட்டும்.

சுருக்கமா சொன்னா...

- எவர்சில்வர்: சோடாவும் சரி, வினிகரும் சரி. பிளீச் கூடாது.
- அலுமினியம்: வினிகர், எலுமிச்சை, புளி. சோடா கூடாது.
- இரும்பு: தேய், காயவை, எண்ணெய் தடவு. ஊறவைக்காதே.
- பித்தளை, செம்பு: வெளியே புளியும் உப்பும். உள்ளே ஈயப்பூச்சைப் பத்திரமாகப் பார். பச்சை தெரிந்தால் சமைக்காதே.
- நான்ஸ்டிக்: சிறு தீ, மரக் கரண்டி. உரிந்தால் விட்டுவிடு.
- எதுவாக இருந்தாலும், கழுவியதும் துடை. நம் ஊர் ஈரக் காற்றில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.